நாலு இலையும் ஒரே சுருதி

என் தம்பிக்குக் காது போன பிறகுதான் எங்கள் பட்டறையில் சத்தம் கூடியது. அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் நான் தொண்டை கிழியக் கத்துவேன். தன் குரல் தனக்கே கேட்காததால் அவனும் பதிலுக்குக் கத்துவான். பக்கத்துக் கொட்டகையில் படகுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள், அக்காவும் தம்பியும் எந்நேரமும் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாதி நேரம் அவர்கள் நினைத்தது சரிதான்.

"திட்டும்போது மட்டும் உன் வாய் பளிச்சுனு தெரியுதுக்கா. மத்த நேரமும் இப்படியே பேசேன்" என்பான்.

எங்களுக்குத் தொழில் புரொப்பெல்லர். படகின் அடியில், தண்ணீருக்குள் சுற்றி அதைத் தள்ளிக்கொண்டு போகிற வெண்கல விசிறி. இந்தத் துறையில் நிற்பதெல்லாம் உல்லாசப் படகுகள். லீவு நாளில் கடலுக்குப் போகும், மற்ற நாளெல்லாம் கட்டிப்போட்ட மாடு மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். நின்றால் கடல் சும்மா விடுமா? பாசி பிடிக்கும், புழு சுண்ணாம்புக் குழாய் கட்டும், ஒட்டுச்சிப்பி குடும்பத்தோடு குடியேறும். திடீரென்று ஒரு நாள் சொந்தக்காரர் வந்து வேகத்தைக் கூட்டுவார். படகு நகராது, புகைதான் வரும். என்ஜின் போச்சு என்று தலையில் கை வைப்பார். என்ஜினுக்கு ஒரு கேடும் இருக்காது. அடியில் விசிறி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிப்பிக் குவியல் இருக்கும். அதைக் கழற்றி, சுரண்டி, கழுவி, வளைந்ததை நிமிர்த்தி, தேய்த்துப் பளபளப்பாக்கி, கீறல் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி மாட்டுவது எங்கள் வேலை.

கீறல் பார்ப்பதில்தான் உயிரே இருக்கிறது. புரொப்பெல்லரின் ஒவ்வொரு தகட்டையும் இலை என்போம். ஓர் இலையின் அடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் போதும், வேகமாகப் போகும்போது அந்த இலை பிய்த்துக்கொண்டு போகும். மிச்ச இலைகள் கோணல்மாணலாக உதறும். என்ஜினிலிருந்து விசிறிக்கு வருகிற ஷாஃப்ட் தண்டு வளையும். ஷாஃப்ட் வெளியே போகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். பிள்ளைகுட்டிகளோடு நடுக்கடலில் இருப்பவர்கள் கதி அதோகதிதான்.

அந்தக் கீறலைத் தம்பி காதால் கண்டுபிடிப்பான். புரொப்பெல்லரைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, மரச்சுத்தியலால் ஒவ்வோர் இலையாகத் தட்டுவான். நல்ல இலை கோவில் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். கீறல் விழுந்த இலை சட்டென்று அடங்கிவிடும். எனக்கு எல்லாமே சட்டியைத் தட்டின மாதிரிதான் கேட்கும். இசைக்கும் எனக்கும் அவ்வளவு தூரம். அவனோ கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டாவது இலை அரைச் சுருதி இறங்குதுக்கா" என்பான். அங்கே கீறல் இருக்கும். ஒருநாளும் தப்பியதில்லை.

பிறகு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். பிழைத்தான், காது இரண்டும் போயின. நரம்பில் ஏதோ துளி மிச்சம் இருக்கலாம், ஆனால் அது எதற்கும் உதவாது, மெஷின் மாட்டியும் பிரயோஜனமில்லை என்று காது டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இனிமே இலையை யார் தட்டிப் பாக்குறது?" என்பதுதான்.

தட்டுவதை விட்டுவிட்டு மை பூசிப் பார்க்கத் தொடங்கினோம். சிவப்பு மையைப் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தால், கீறலுக்குள் ஒளிந்திருக்கும் மை கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும். நல்ல முறைதான். ஆனால் கீறலுக்குள் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்தால் மை உள்ளே போகாது. போன மாதம் அப்படித்தான் ஒன்று தப்பியது. நாங்கள் சரி என்று அனுப்பிய இலை, துறைமுக வாயிலிலேயே பிய்ந்து போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தம்பி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"யாராவது செத்திருந்தா?" என்று கேட்டான். அந்த வாரமே அவன் பெண்டாட்டி ஒரு பாக்கிங் கம்பெனியில் அவனுக்கு வேலை பார்த்துக் கொடுத்தாள். பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை, அதற்குக் காது தேவையில்லை. திங்கட்கிழமை சேரவேண்டும்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. எனக்குத்தான் ஆறவில்லை. வெண்கலத்தை என் தம்பி மாதிரித் தொடுகிறவனை நான் பார்த்ததில்லை. அவன் போய் டேப் ஒட்டுவதா? போகாதேடா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காதில் விழாது என்று முணுமுணுக்கவும் வழியில்லை, பாவி வாயைப் பார்த்தே படித்துவிடுவான்.

அவன் கடைசியாகக் கை வைத்தது பல் டாக்டரின் படகில்.

பல் டாக்டர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு ஒரு மாதம் படகிலேயே தங்கிக் கரையோரமாகச் சுற்றி வருவதாகத் திட்டம். வெள்ளைப் படகு, ஒற்றை என்ஜின், நாலு இலை. கிரேன் வைத்துத் தூக்கியதும் அடியைப் பார்த்த தம்பி விசில் அடித்தான். காது போனாலும் விசில் மட்டும் சுருதி தப்பாமல் வருகிறது, அது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இலை எது, சிப்பி எது என்றே தெரியவில்லை. பிளாஸ்டிக் சுரண்டியால் நான் சுரண்ட, காய்ந்த சிப்பிகள் பொலபொலவென்று தலையில் கொட்டின. ஷாஃப்டுக்கும் விசிறிக்கும் நடுவில் தூண்டில் நரம்பு பந்து பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எடுத்தேன். நட்டைத் தளர்த்தி, முழுக்கக் கழற்றாமல் இரண்டு மரை மட்டும் விட்டுவைத்து, விசிறியைப் பிடித்திழுக்கும் இழுப்பானை மாட்டித் திருகினான் தம்பி. நட்டைக் கழற்றிவிட்டால் விசிறி ஒரேயடியாகத் துள்ளி வந்து காலில் விழும். இத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்தது "டம்" என்று விடுபட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் உள்ளங்காலில் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, "வந்துடுச்சு" என்றான்.

பட்டறையில் நான் மை பூசிப் பார்த்தேன், கீறல் இல்லை. அடுத்து அவன் வேலை. தேய்க்கத் தேய்க்கப் பச்சைக்குள்ளிருந்து பொன்னிறம் எழுந்து வந்தது. ஒவ்வோர் இலையின் பின் விளிம்பிலும், தண்ணீர் இலையை விட்டு விலகுகிற ஓரத்தில், ஒரு பக்கமாகச் சரிவாக யாரோ வெட்டி வைத்திருந்தார்கள்.

"எவன்டா இந்த வேலை பாத்தவன்? வாழைக்காய் சீவுற மாதிரி சீவி வச்சிருக்கான்" என்று நான் திட்ட, அவனும் சேர்ந்து சிரித்தான். தம்பி அரத்தால் அந்தச் சரிவை ராவி, உப்புத்தாளால் உருட்டி, விளிம்பை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக்கினான். காது போனபின் அவனுக்கு எல்லாமே விரல்நுனிதான். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவி, விரலில் எதுவும் தட்டாதவரை விடமாட்டான். நாலையும் முடித்தபோது ஒவ்வொரு விளிம்பும் கரண்டி விளிம்பு மாதிரி இருந்தது.

"அடேங்கப்பா! ஷோகேஸ்ல வைக்கலாம்டா" என்றேன். கடைசி வேலை என்பதால் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துப் பார்த்துச் செய்கிறான் என்று தோன்றியது. தேநீர் போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை விசிறியை மாட்டி, படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். டாக்டர் சக்கரத்தைப் பிடித்தார். அவர் மனைவி மேஜையில் தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் என்ஜின் மூடியைத் திறந்து வைத்து எண்ணெயைக் கவனித்தேன். தம்பி பின்புறம் வெறுங்காலோடு நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். படகு வழுக்கிக்கொண்டு போனது. டாக்டர் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

துறைமுக வாயைத் தாண்டியதும் வேகத்தைக் கூட்டினார். அப்போது அது ஆரம்பித்தது.

முதலில் யாரோ தூரத்தில் முனகுகிற மாதிரி இருந்தது. பிறகு முனகல் நீண்டது, தடித்தது, ஒரே சுரமாக நின்றது. ஈர விரலால் கண்ணாடி டம்ளர் விளிம்பைத் தேய்த்தால் ஒரு ஒலி வருமே, அதை ஒரு வீட்டளவுக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. என்ஜினிலிருந்து வரவில்லை. ஒரு திசையிலிருந்தும் வரவில்லை. தரை, சுவர், கைப்பிடிக் கம்பி, என் பல், எல்லாவற்றிலிருந்தும் வந்தது. மேஜை மேல் டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள் எழுந்து அப்படியே நின்றன.

"யாரோ கீழே உக்காந்து அழற மாதிரி இருக்கே" என்று டாக்டரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் என்ஜின் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். போச்சு, பேரிங் போச்சு, ஷாஃப்ட் கோணலாயிடுச்சு, இவன் கடைசி வேலையும் இப்படியா ஆகணும்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கியரை எடுத்துவிட்டு என்ஜினை மட்டும் முறுக்கச் சொன்னேன். சத்தமே இல்லை. கியரைப் போட்டு அதே வேகத்துக்கு வந்தால் மறுபடியும் அந்தச் சுரம். வேகத்தைக் குறைத்தால் நின்றது, இன்னும் கூட்டினாலும் நின்றது. ஒரே ஒரு வேகத்தில் மட்டும் பாடியது. இத்தனை வருடத்தில் நான் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை.

"டேய்!" என்று கத்திக்கொண்டே தம்பி பக்கம் திரும்பினேன்.

அவன் பேயறைந்தவன் போல நின்றிருந்தான். குனிந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்தான். அப்புறம் அப்படியே குப்புறப் படுத்துக் கன்னத்தைப் பலகையில் பதித்துக்கொண்டான். மறுபடி ஏதாவது காய்ச்சலா என்று ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"அக்கா, பாடுது" என்றான். வழக்கமாகக் கத்துகிறவன் அன்றைக்கு ரகசியம் சொல்வது போலச் சொன்னான்.

"உனக்குக் கேக்குதா?" வாயை அகலமாகத் திறந்து கேட்டேன்.

"தெரியல. கேக்குதா, நடுங்குதா, எனக்கே தெரியல. ஆனா உள்ள இருக்கு."

டாக்டர் சக்கரத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவன் படுத்திருந்ததைப் பார்த்தார். "அவருக்குக் காது கேக்காதுன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமா சார். நரம்புல ஏதோ துளிதான் மிச்சமாம். அதுவும் உதவாதுன்னுட்டாங்க."

"காதுக்கு உதவாதுன்னு சொல்லியிருப்பாங்க. பல்லுக்கு யாரு பாத்தா?" என்றார். "என் கிளினிக்குக்குக் காதுல பஞ்சை அடைச்சிக்கிட்டு வர்றவங்க உண்டு. மெஷின் சத்தம் பிடிக்காதாம். வாயில வச்சதும் வீறிட்டு அலறுவாங்க. பல்லு வழியா நேரா மண்டைக்குள்ள போயிடும், பஞ்சு என்ன பண்ணும்? இவரை எதையாவது கடிச்சுக்கச் சொல்லுங்க."

தம்பி இடுப்பில் எப்போதும் அந்த மரச்சுத்தியல் இருக்கும். தட்டுவதை நிறுத்தியபிறகும் அதைக் கழற்றவில்லை. நான் அதை உருவி, தலைப் பக்கத்தை ஷாஃப்ட் வெளியே போகிற குழாயின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காட்டிப் பல்லைக் கடித்துக் காண்பித்தேன். அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவன் ஒரு பார்வை பார்த்தான். ஆனாலும் என்ஜின் குழிக்குள் இறங்கிக் கடித்தான்.

அவன் முகம் மாறியதை நான் எப்படிச் சொல்வேன்? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் அவன் முகத்தில் ஒரு கதவு சாத்தியே இருந்தது. சிரிப்பான், கிண்டல் பண்ணுவான், கதவு மட்டும் திறக்காது. அது அப்போது திறந்தது. கண்ணிலிருந்து நீர் தாரையாகக் கொட்டியது, துடைக்கக்கூட இல்லை. கடித்த பல்லை எடுக்காமல் விரலை ஆட்டி, இன்னும் வேகம், கொஞ்சம் குறை, இன்னும் கூட்டு என்று காட்டினான். நான் கத்தினேன், டாக்டரின் மனைவி அதற்கேற்ப ஓட்டினார்.

வெகுநேரம் கழித்துச் சுத்தியலை எடுத்தான். எடுத்ததும் முதல் வேலையாகத் தொழில் பேசினான். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

"என்ஜின் இல்ல. ஷாஃப்ட் இல்ல. அதோட தாளம் கீழ தனியா ஓடுது, அது சுத்தமா இருக்கு. இது அதுக்கு மேல. விசிறிதான் பாடுது."

"கீறலா?" என்றேன்.

"கீறல்னா ஒரு இலை மட்டும் தனியா இழுக்கும். இது நாலு இலையும் ஒரே சுருதி. அப்போ நாலுக்கும் ஒரே காரியம் நடந்திருக்கு." தன் விரல்களைப் பார்த்தான். "நாலுக்கும் ஒரே காரியம் செஞ்சது யாரு? நான்தான்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்தச் சரிவு வெட்டு ஞாபகம் வந்தது. வாழைக்காய் சீவினது மாதிரி இருக்கிறது என்று நாங்கள் சிரித்த வெட்டு. அதை வெட்டினவன் வேலை தெரியாதவன் இல்லை. விளிம்பு கூராக வெட்டுப்பட்டிருந்தால் தண்ணீர் அங்கேயே பிய்த்துக்கொண்டு போய்விடும். வழவழவென்று உருண்டிருந்தால் எந்தப் பக்கம் விலகுவது என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிச் சுழித்து, விளிம்பையே தட்டித் தட்டிப் பாடவைக்கும். முன்னால் ஒருவன் இந்தப் புரொப்பெல்லரின் வாயை அடக்கத்தான் சரிவாக வெட்டி வைத்திருக்கிறான். என் தம்பி அழகு பார்த்து அதன் வாயைத் திறந்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டே சிரித்தேன்.

"கேக்க நல்லாத்தானே இருக்கு? இப்போ பயமாவே இல்ல. அப்படியே விட்டுடலாமே" என்றார் டாக்டரின் மனைவி. தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

அவர் உதட்டைப் படித்த தம்பி தலையை ஆட்டினான். "வேணாம்மா. பாடிக்கிட்டே இருந்தா இலை களைச்சுப் போகும். களைச்ச வெண்கலம் வெடிக்கும். நீங்க ஒரு மாசம் கடல்ல இருக்கப் போறீங்க." பிறகு பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தயங்கி, "எடுக்கிறதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு சுத்து மட்டும் போயிட்டு வரலாமா?" என்று கேட்டான்.

டாக்டர் போய்ச் சக்கரத்தைப் பிடித்தார். பல்லில் மெஷின் பிடித்த கை, துளிகூட நடுங்காமல் அந்த ஒரு வேகத்திலேயே படகைப் பிடித்து வைத்தது. அவர் மனைவி செருப்பைக் கழற்றினார். நானும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்தேன்.

எனக்கு இசை தெரியாது என்று முன்பே சொன்னேன். ஆனால் அன்றைக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எனக்குச் சிலிர்த்தது. நாற்பது கிலோ வெண்கலம். காலையில் அதன்மேல் நான் எண்ணெய்த் துணியைப் போட்டு வைத்திருந்தேன். அது தண்ணீருக்குள் போய், கடல் தொட்டதும், இப்படிக் குரல் எடுத்துப் பாடுகிறது. கடலுக்கு இத்தனை வருடமாக இதைப் பாட ஒரு விளிம்பு கிடைக்கவில்லை, என் தம்பி விரல்தான் செய்து கொடுத்தது. டம்ளரில் தண்ணீர்க் கோடுகள் அசையாமல் நின்றன. என்ஜின் குழிக்குள் தம்பி சுத்தியலைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பழையபடி, இலையைத் தட்டிக் கேட்கும்போது மூடுவானே, அந்த மாதிரி.

திரும்பி வந்ததும் கிரேனில் படகைத் தூக்கினோம். விசிறியைக் கழற்றவில்லை, படகு தொங்கிக்கொண்டிருக்கும்போதே கீழே உட்கார்ந்து ராவிவிடலாம். நான் அரத்தை எடுத்தேன். "நீ கொஞ்சம் உக்காருடா, நான் ராவுறேன்."

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். "நான் சேத்த பாட்டு. நான்தான் எடுக்கணும்."

ஒவ்வோர் இலையாகப் பின் விளிம்பில் சரிவு வெட்டினான். பொன்தூள் அவன் மடியில் விழுந்தது. நான் தள்ளி நின்று வேறு எதையோ செய்கிற மாதிரி நடித்தேன். ஆண்டுக்கணக்கில் கேட்காமல் இருந்து ஒரு நாள் கேட்டதை, தன் கையாலேயே ராவி எடுப்பதற்கு எவ்வளவு மனசு வேண்டும்! எனக்கு அது இல்லை. நானாக இருந்தால் ஒரு இலையையாவது பொய்க்கு ராவி விட்டிருப்பேன்.

மறுபடி கடலுக்குப் போனோம். அந்த வேகத்தை டாக்டர் பிடித்தார். ஒன்றும் இல்லை. அலை, என்ஜின், அவ்வளவுதான். டம்ளர் தண்ணீர் சும்மா ஆடியது. தம்பி குழிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "போயிடுச்சுக்கா. தாளம் மட்டும் இருக்கு" என்றான். டாக்டர் கைதட்டினார். வேலை நல்லபடியாக முடிந்ததற்கு எனக்கு வயிறு எரிந்தது அதுதான் முதல் தடவை.

பட்டறைக்கு வந்தோம். அவன் கைகழுவித் துணி மாற்றிக்கொண்டு கிளம்புவான், திங்கட்கிழமை டேப் ஒட்டுவான் என்று எண்ணிக்கொண்டு நான் சாமான்களை டமால் டுமீல் என்று எடுத்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் மூலையில் ஏதோ செய்துகொண்டிருந்தான். வாடகைப் படகு ஒன்றின் மூன்று இலைப் புரொப்பெல்லர் அங்கே கிடந்தது. காலையில்தான் நான் மை பூசிப் பார்த்து, சரி என்று ஒதுக்கி வைத்தது. அதைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தான். காய்ச்சலுக்குப் பிறகு அந்தக் கயிற்றை அவன் தொட்டதே இல்லை.

ஒரு மரக்கட்டையின் ஒரு முனையை விசிறியின் நடுக்குடத்தில் முட்டுக்கொடுத்து, மறு முனையைப் பல்லில் கவ்வினான். சுத்தியலை என்னிடம் நீட்டினான். தட்டு என்று கண்ணால் சொன்னான்.

தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. எனக்கு மூன்றும் சட்டிதான்.

கட்டையை எடுத்து, "ரெண்டாவதைத் திரும்பத் தட்டு" என்றான்.

எனக்கு அவனை நம்பவும் ஆசை, நம்பப் பயமும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு விசிறியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். எந்த இலை எங்கே நின்றது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தட்டினேன். தலையசைத்தான். அடுத்ததைத் தட்டினேன். தலையசைத்தான். அந்தப் பழைய இரண்டாவதைத் தட்டியதும் கையைத் தூக்கினான்.

"இதுதான். பாதியிலேயே அறுந்து போகுது."

அந்த இலையின் அடியை அமிலத்தால் கழுவி, ஊசியால் நோண்டினேன். துளித் துளியாகச் சுண்ணாம்பு வந்தது. மையைப் பூசினேன், துடைத்தேன், வெள்ளைப் பொடியை அடித்தேன். இருவரும் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளையின்மேல் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அவை சேர்ந்து, இலையின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு எழுந்து வந்தது.

நாளைக் காலையில் அந்தப் படகில் ஒரு குடும்பம் போவதாக இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி கட்டையின் முனையைச் சட்டையில் துடைத்தான். பல் பதிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தன் போனை எடுத்து என் மடியில் போட்டான்.

"திங்கக்கிழமை வரலன்னு அந்த பாக்கிங் கம்பெனிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு."

"நான் எதுக்குடா? உன் வேலை, நீ சொல்லு" என்றேன் வாயைக் கோணிக்கொண்டு.

"அவங்க பேசுறது எனக்கு எப்படி கேக்கும்? எனக்குத்தான் காது செவிடாச்சே!" என்று பெயின்ட் கொட்டகை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். பிறகு குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தான். "என்ன சொல்ற? உதடு இப்படி ஆடினா ஒண்ணும் புரியல."

"ஒண்ணும் சொல்லலடா" என்றேன். "அழறேன்."